அலகில் எழுதியிருந்தது

சுல்மீரா மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். காத்திருக்கிறாள் என்று பார்த்தவர் யாரும் சொல்லியிருக்க முடியாது. காலையில் அடுப்பு மூட்டினாள், மீனைச் செதில் சுரண்டினாள், மரவள்ளி மாவைப் பிசைந்து வட்டமாகப் பெய்ஜூ சுட்டாள். விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டு, கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வழிகாட்டி கில்தேவானின் பின்னால் வரிசையாகக் காட்டுக்குள் போனார்கள். கடைசி ஆளின் முதுகு மறைந்ததும் அவள் ஒரு பப்பாளியைப் பிளந்து, பின்கட்டில் கட்டியிருந்த பலகையின் மேல் வைப்பாள். காத்திருப்புக்கென்று அவள் செய்தது அவ்வளவுதான். மூன்று வருஷம், விடாமல்.

ததபஜோஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் முருசித்தூபா என்ற ஊர். நாற்பது வீடு, ஒரு தேவாலயம், பந்து விளையாட ஒரு வெளி. ஆண்களைச் செவு என்றும் பெண்களை டோனா என்றும் மரியாதையாக அழைக்கிற ஊர். ஊர்க்கோடியில் ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில் செவு ஒஸ்மரீனோவின் விடுதி. அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்கு எட்டு வருஷம் வழிகாட்டியாக இருந்தவள் சுல்மீராதான். அப்பா ரப்பர் பால் எடுக்கிறவர். ஆறு வயதிலிருந்து அவர் பின்னாலேயே கத்தியும் தகரக்குவளையுமாக நடந்தவள். எந்த மரம் எப்போது பழுக்கும், பழுத்தால் யார் முதலில் வருவார்கள், யார் யாரை விரட்டுவார்கள் எல்லாம் அந்தக் காலடியில் படிந்தது. இடையில் இரண்டு வருஷம் அமேசானுக்கு வடக்கே, மோந்தே அலேக்ரேயில் அத்தை வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனது. புருஷன் தங்கம் தோண்ட மேற்கே போனான். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, யாரோ படித்துச் சொன்னார்கள். பிறகு வரவில்லை. ஒரே மகள் மனாவுஸில் கடிகாரம் பூட்டுகிற தொழிற்சாலையில். சுல்மீராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது அவளுக்கு ஒரு குறையாக இருந்ததில்லை, அந்த நாள் வரைக்கும்.

கில்தேவான் செவு ஒஸ்மரீனோவின் மனைவி வழியில் மருமகன். சாந்தாரெமில் மேல்நிலைப் பள்ளி முடித்து, வேலை கிடைக்காமல், இருபத்திரண்டு வயதில் விடுதிக்கு வந்து சேர்ந்தான். "மனா, இவன உன் கூடக் கூட்டிட்டுப் போ. கொஞ்சம் பழகிக்கட்டும்" என்றார் செவு ஒஸ்மரீனோ. தங்கை முறைப் பெண்ணை அங்கே மனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் கூட்டிக்கொண்டு போனாள். எந்தப் பறவைக்கு எப்படிச் சீட்டியடிப்பது, அதற்கு உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்காரப் பையன்தான். காது நல்ல காது.

அந்த வருஷக் கடைசியில் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், அன்று பார்த்த பறவைகளுக்கெல்லாம் புள்ளி வைத்துத் தரும்படி அச்சடித்த தாள் ஒன்றைச் சுல்மீராவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவளுக்கு அது தெரியாது. பெரியவர் முகத்தில் ஒரு தயக்கம். அப்போது தலைக்கு மேலே எம்பாவூபா மரத்தில், பெரிய அலகு கொண்ட டூக்கன் சாதியில் சின்னது ஒன்று வந்து உட்கார்ந்தது. ஊரில் அந்தச் சின்ன டூக்கன்களை அரசாரி என்பார்கள். அவற்றில் இது லெத்ராடோ, அதாவது படித்தவன். மஞ்சள் அலகின் ஓரத்தில் கறுப்பு மையால் ஏதோ கிறுக்கியது போலிருக்கும், அதனால் வந்த பெயர்.

கில்தேவான் மேலே பார்த்தான், தாளைப் பார்த்தான், சிரித்தான்.

"அந்த மரத்துல உக்காந்திருக்கே, அது கூடப் படிச்சது. நம்ம டோனா சுல்மீராதான் படிக்கல."

மொழி தெரிந்த ஒருத்தி அதை மற்றவர்களுக்குச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக, விளங்க விளங்க, ஆறு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். சுல்மீராவும் சிரித்தாள். தாளை அவனிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை செவு ஒஸ்மரீனோ சமையலறை வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"மனா, வர்றவங்கெல்லாம் இப்ப புத்தகம், பட்டியல்னு வர்றாங்க. நீ கொஞ்ச நாள் சமையலப் பாத்துக்கோ. பையன் போகட்டும்."

"கொஞ்ச நாள்னா எத்தன நாள்?"

"கொஞ்ச நாள்தான்."

கொஞ்ச நாள் தீரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கில்தேவான் ஒரு புத்தகத்தோடு வந்தான். விருந்தினர் யாரோ விட்டுவிட்டுப் போனது. தடிப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பறவைப் படம், அடியில் ஆங்கிலம். அவனுக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் இரண்டு நாளாக விருந்தினர் எதிரில் அதை மடியில் விரித்து, படித்துக்கொண்டிருக்கிறவன் போல விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டிருந்தான். சுல்மீரா தொட்டிக்கருகில் குந்தி தம்பாக்கி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"டோனா சுல்மீரா, இதப் பாருங்க. இதுல ரெண்டு சின்ன அரசாரி போட்டிருக்கான். ஒண்ணு கருந்தல, அது நம்ம லெத்ராடோ. இன்னொண்ணு பழுப்புக் கன்னம், கிரீன்னு போட்டிருக்கான். கிரீன்னா பச்சை, இது மட்டும் எனக்கே புரியுது. நம்ம காட்டுல பழுப்புக் கன்னத்துக்காரன் ஒருத்தன் அந்தக் கருந்தலைக்காரன் கூடவே திரியறானே, அவன்தான இது? ரெண்டும் வேற வேறதான?"

அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். ஒரு பார்வை போதும். படத்திலிருந்த பழுப்புக் கன்னத்தின் அலகில் எழுத்து இல்லை. மேல் அலகு பழுத்த மிளகாய் நிறமும் மஞ்சளும் கலந்து வழவழவென்று, கீழ் அலகு கறுப்பு. அதை அவள் மோந்தே அலேக்ரேயில் அத்தை வீட்டுக் கொல்லையில் தினம் பார்த்திருக்கிறாள். அமேசானைத் தாண்டி அது இந்தத் தென்பக்கம் வந்ததே கிடையாது. வரைந்தவன் லெத்ராடோவுக்கு ஆணை மட்டும் வரைந்திருந்தான், பச்சைக்குப் பெண்ணை மட்டும். இரண்டு இனத்திலும் ஆணுக்குக் கருந்தலை, பெண்ணுக்குப் பழுப்புக் கன்னம். முருசித்தூபாக் காட்டில் கருந்தலையோடு திரிகிற பழுப்புக் கன்னம் அவன் பெண்டாட்டி. அவள் அலகிலும் அதே கறுப்புக் கிறுக்கல். ஊரில் பாதிப் பேர் அவளை வேறு பறவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதனால் நட்டமில்லை, கறிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கில்தேவான் நின்றுகொண்டிருந்தான். நகத்தில் அழுக்கில்லாத விரல் படத்தின் மேல் இருந்தது.

"ம்" என்றாள் சுல்மீரா.

மறுபடி குனிந்து செதில் சுரண்டினாள்.

அந்த ஒற்றை "ம்"தான் அவள் விதைத்தது. அது நன்றாக முளைத்தது. கில்தேவான் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு பறவை காட்ட ஆரம்பித்தான். கருந்தலை, லெத்ராடோ, ஒரு புள்ளி. பழுப்புக் கன்னம், பச்சை, இன்னொரு புள்ளி. அமேசானின் தென்கரையில் பச்சை அரசாரி பார்த்தோம் என்று சிலருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் மட்டும் புத்தகத்தின் வரைபடத்தைக் காட்டி, இது வடகரைப் பறவை அல்லவா என்று கேட்டாராம். கில்தேவான் சொன்ன பதிலைப் படகோட்டி திபூர்சியோ சமையலறையில் வந்து நடித்துக் காட்டினான்: "குருவிக்கு வரைபடம் படிக்கத் தெரியுமா, ஐயா?" திபூர்சியோவுக்கு அது பெரிய நகைச்சுவையாக இருந்தது. சுல்மீரா அவனுக்கு இன்னொரு துண்டு மீன் போட்டாள்.

பலகையில் பப்பாளி வைப்பதை அப்போதுதான் தொடங்கினாள். கில்தேவான் காட்டுக்குள் போன பிறகு மட்டும். இரண்டு மாதத்தில் ஒரு சோடி பழகியது. முதலில் அவன் வருவான், கிளையில் தலையைச் சாய்த்துப் பார்ப்பான். காய்ந்த கட்டையில் ரம்பம் இழுத்தது போல ஒரு குரல் கொடுப்பான். பிறகு அவள் வருவாள். காலை உணவுப் பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் அவர்களுக்கு மணி. குஞ்சு பொரிக்கிற காலம் நெருங்கினால் அவன் ஒரு துண்டை அலகில் எடுத்து அவள் வாயில் வைப்பான். சுல்மீரா தட்டைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தேவை ஒரு பார்வையாளர். யாராவது ஒருவர் போதாது, அலகைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் செப்டம்பரில் அந்த ஆள் வந்தார். டாக்டர் யோலாண்டா, பெலேமில் பறவை ஆர்வலர் சங்கம் ஒன்றை நடத்துகிறவர். சங்கத்தார் வருஷத்தில் ஆறு மாதம் ஆட்களை அழைத்து வர ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இடமும் வழிகாட்டியும் பிடித்திருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். செவு ஒஸ்மரீனோ விடுதிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார். கில்தேவான் காலருள்ள சட்டை வாங்கினான்.

டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர், குட்டை, ரப்பர் பூட்ஸ். முதல் நாள் காட்டிலிருந்து திரும்பியவர் சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசவில்லை. சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பச்சைய டாக்டரம்மாவுக்குக் காட்டிட்டேன், மாமா" என்றான் கில்தேவான், செவு ஒஸ்மரீனோவிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "ரொம்ப உசரத்துல. ஆனா பழுப்புக் கன்னம் பளிச்னு தெரிஞ்சது."

டாக்டர் நிமிரவில்லை. "தெரிஞ்சது" என்றார்.

அந்த ஒரு சொல் போன விதத்தில் சுல்மீராவுக்குப் புரிந்துவிட்டது, இவர் அலகைப் பார்க்கிறவர் என்று. அன்று சாயங்காலம் விறகை எடுத்து ஓடைத் தண்ணீரில் ஒரு முறை முக்கி, அடுப்பருகில் பழையபடி அடுக்கினாள்.

காலையில் அடுப்பு சரியாக எரியவில்லை. சாப்பிடுகிற இடம் முழுக்கப் புகை. செவு ஒஸ்மரீனோ இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"என்ன மனா, இன்னிக்குன்னு பாத்து?"

"விறகு ஈரம், செவு ஒஸ்மரீனோ. பின்கட்டுல காத்து வரும், டாக்டரம்மாவ அங்க உக்காரச் சொல்லுங்க. காப்பிய அங்கயே குடுத்துடறேன்."

ஆக எல்லாரும் பின்கட்டுக்கு வந்தார்கள். டாக்டர் பெஞ்சில், கில்தேவான் காலர் சட்டையோடு தூணில் சாய்ந்து, படகெடுக்கக் காத்திருந்த திபூர்சியோ படியில், செவு ஒஸ்மரீனோ கதவோரம். காப்பி கொடுத்தாள். பெய்ஜூ கொடுத்தாள். பப்பாளியைப் பிளந்து பலகையில் வைத்தாள், ஏதோ நினைவில்லாமல் வைக்கிறவள் போல. பிறகு தட்டுகளைத் தொட்டியில் போட்டு, தேவைக்கு மேலேயே சத்தமாகக் கழுவினாள்.

அவன் வந்தான். தலையைச் சாய்த்தான். ரம்பக் குரல். அவள் வந்தாள்.

"அட, ரெண்டும் சேந்து வருது" என்றான் திபூர்சியோ.

கருந்தலை ஒரு துண்டை எடுத்து, கிளையில் இரண்டு தாவு தாவி, பழுப்புக் கன்னத்தின் வாயில் வைத்தது. அவள் விழுங்கிவிட்டு வாலைத் தூக்கிக் குந்தினாள். அவன் அவள் முதுகில் ஏறினான், அரை நிமிஷம். டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏப்பா கில்தேவான்" என்றான் திபூர்சியோ, மெதுவாக. "லெத்ராடோவும் பச்சையும் வேற வேற குடும்பம்னு சொன்னியே. பக்கத்து வீட்டுக்காரன் ரொம்ப உரிம எடுத்துக்கறான் போல."

கில்தேவான் சிரிக்கப் பார்த்தான். டாக்டர் தொலைநோக்கியைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"கருந்தல யாரு?"

"லெத்ராடோ, டாக்டரம்மா."

"பழுப்புக் கன்னம்?"

"பச்சை."

"தலைய விடு. அலகப் பாரு. முதல்ல ஆணோடத, அப்புறம் பெண்ணோடத."

பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். தொலைநோக்கியை இறக்கியபோது கண்ணைச் சுற்றி வட்டமாக அழுந்தியிருந்தது.

"ரெண்டுலயும் கோடு இருக்கு."

"எழுத்து" என்றார் டாக்டர். "மூணு வருஷமா நீ படிக்காத எழுத்து."

சுல்மீரா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். இந்தக் கணத்தை எத்தனை காலை இதே தொட்டியருகில் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ஆனால் கில்தேவான் திரும்பிவிட்டான். விரலை நீட்டி அவளைக் காட்டினான்.

"இவங்கதான் சொன்னாங்க. புத்தகத்தக் காட்டிக் கேட்டேன். பச்சைதான்னு இவங்கதான் சொன்னாங்க."

செவு ஒஸ்மரீனோ அவளைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

"அப்படியா, டோனா சுல்மீரா?"

இந்த இடத்தைத்தான் அவள் யோசிக்காமல் விட்டிருந்தாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் முடிந்தது. சமையல்காரி, எழுதப் படிக்கத் தெரியாதவள், அவளிடம் போய்க் கேட்டானே இந்த முட்டாள் என்று அவன் மேலேயே பழி விழும். காட்டுப் பாதை ஒருவேளை திரும்பக் கிடைக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், இந்த ஊரில் பறவை தெரியாதவர்கள் பட்டியலில் அவளும் ஒருத்தி. அன்று மரத்தடியில் அவன் சொன்னது உண்மையாகிவிடும். தெரிந்தேதான் சொன்னேன் என்றால் பொய்க்காரி. இந்த டாக்டர் பொய்க்காரியிடம் ஆட்களை ஒப்படைக்க மாட்டார்.

"தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றாள்.

"என்ன தெரிஞ்சு?"

"பச்சையோட அலகு வேற. மேல மிளகாய்ப் பழம், கீழ அடுப்புக் கரி. ஓரத்துல எழுத்து கிடையாது. மோந்தே அலேக்ரேல ரெண்டு வருஷம் பாத்திருக்கேன். அதுலயும் புருஷனுக்குக் கருந்தல, பெண்டாட்டிக்குப் பழுப்பு. இந்தக் கரையில அது இல்ல. இருந்ததே இல்ல."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"அவன் கெடணும்னு."

மேலே கிளையில் சோடி இரண்டாம் முறை சாப்பிட வந்திருந்தது.

டாக்டர் பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். "நான் விடுதியப் பாக்க மட்டும் வரல. இங்க வந்துட்டுப் போன அஞ்சு பேரு எங்களுக்கு எழுதியிருக்காங்க, தென்கரையில பச்சை அரசாரி பாத்தோம்னு. ஒருத்தர் எழுதினது எங்க பத்திரிகையில அச்சாயிடுச்சு. நாளைக்கு யாராவது அத நம்பி வரைபடத்தயே மாத்துவாங்க. நீங்க சொன்ன பொய் அவ்வளவு தூரம் போயிருக்கு, டோனா சுல்மீரா."

அந்தச் சிறிய "ம்" ஆற்றோடு பெலேம் வரைக்கும் போய், அச்சாகியிருக்கும் என்று சுல்மீரா நினைத்ததில்லை. தன் பறவையைப் பற்றி. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி.

"இத ரத்து பண்ணணும்" என்றார் டாக்டர். "நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எனக்கு எழுதத் தெரியாது, டாக்டரம்மா" என்றாள் சுல்மீரா. கில்தேவானைப் பார்த்தாள். "இங்க படிச்சவன் ஒருத்தன் இருக்கான். நான் சொல்றேன், அவன் எழுதட்டும்."

மேசையைத் துடைத்து அவளே தாளை வைத்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் நின்றாள்.

"எழுது. முருசித்தூபாக் காட்டுல இருக்கறது லெத்ராடோ மட்டும். கருந்தல புருஷன், பழுப்புக் கன்னம் பெண்டாட்டி. எழுதிட்டியா? பச்சை இங்க இல்ல. கில்தேவான் ஆகிய நான் மூணு வருஷமா ஒரு பறவைய ரெண்டு பறவைன்னு காட்டினேன். அலகப் பாக்கல."

பேனா ஓடியது.

"சுல்மீரா தெரிஞ்சே பொய் சொன்னா. அதயும் எழுது. ஏன் சொன்னான்னும் எழுது."

"ஏன்னு என்னத்த எழுதறது?"

"ஆறு பேரு எதிர்ல நீ சொன்னது. உனக்கு ஞாபகம் இருக்கா, நான் சொல்லட்டா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. கழுத்து சிவந்ததிலேயே தெரிந்தது. எழுதினான். அந்த வரிக்கு மட்டும் நேரமானது.

"இப்பப் படி."

"எதுக்கு, டாக்டரம்மா படிச்சுக்குவாங்க..."

"எனக்குப் படிக்கத் தெரியாதில்ல. நீ என்ன எழுதினன்னு நான் எப்படி நம்பறது? படி."

படித்தான். செவு ஒஸ்மரீனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அது கூடப் படிச்சது, டோனா சுல்மீராதான் படிக்கல' என்ற இடத்தில் அவன் குரல் உள்ளே போனது. "சத்தமா" என்றாள். அந்த வரியை இரண்டாம் முறை படித்தான். அவள் கரி தடவிய கட்டைவிரலை அடியில் அழுத்தினாள். அவன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான், மேல்நிலைப் பள்ளியில் பழகிய அழகான கையெழுத்து.

டாக்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். படகில் ஏறும்போது செவு ஒஸ்மரீனோவிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஒருத்தருக்குத் தெரியல. இன்னொருத்தருக்கு எல்லாம் தெரியும், ஆனா சொல்றத நம்ப முடியாது. என் ஆளுங்கள நான் யாரு கிட்ட விடறது, சொல்லுங்க." சங்கம் அந்த வருஷமே மூன்று ஊர் தள்ளி வேறோர் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

செவு ஒஸ்மரீனோ அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் திபூர்சியோவை விட்டு அவளிடம் கேட்டு வாங்கினார். வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்தச் சமையலுக்கு வேறு ஆள் அந்தக் கரையில் கிடையாது. கில்தேவானுக்குப் பெயர் மாறிப் போனது. திபூர்சியோ ஒரு நாள் படகிலிருந்து "ஏய் பச்சை, கயித்தப் பிடி" என்றான், அவ்வளவுதான். கடைக்காரர் பச்சை என்றார், பந்து விளையாடுகிறவர்கள் பச்சை என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெஞ்சில் இடம் விடச் சொன்ன கிழவி கூட "கொஞ்சம் தள்ளிக்கோ, பச்சை" என்றாள். மழை தொடங்கியதும் அவன் சாந்தாரெமுக்குப் போய்விட்டான். துறைமுகத்தில் ஏதோ கிடங்கில் எழுத்தர் வேலை என்று கேள்வி. சுல்மீரா படித்துறை வரைக்கும் போய் நின்று பார்த்தாள். கையசைக்கவில்லை. படகு வளைவில் மறையும் வரை நின்றாள், பிறகு மீன் கருகுமே என்று திரும்பினாள்.

இப்போது எப்போதாவது விருந்தினர் வந்தால் செவு ஒஸ்மரீனோவே கூட்டிக்கொண்டு போகிறார். வேருக்கு வேர் தடுக்கி விழுகிறார். அவளைக் காட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை. ஆனால் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டால் வேர்த்து வழிந்து சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார்.

நேற்றும் வந்தார். அவள் தொட்டிக்கருகில் குந்தியிருந்தாள்.

"மனா, ஓடை பக்கம் ஒண்ணு உக்காந்திருக்கு. பழுப்புக் கன்னம், அலகுல கோடு மாதிரி இருக்கு. லெத்ராடோவோட பெண்டாட்டிதான?"

சுல்மீரா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"ம்" என்றாள்.

செவு ஒஸ்மரீனோ நகரவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, அங்கேயே நின்றார்.